மஞ்சள் பட்டன்

அன்புள்ள ஐயா,

சிகாகோவின் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். இப்போதுதான் குடியுரிமை கிடைத்தது, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வரும் முதல்நிலைத் தேர்தலில்தான் முதல்முறையாக ஓட்டுப் போடப்போகிறேன். எங்கள் தொகுதியில் வாஷிங்டனில் இருக்கும் பிரதிநிதிகள் சபைக்கு நிற்பவர்களில் ஒருவர் இப்போது மாநில சட்டமன்ற உறுப்பினர், இந்திய வம்சாவளி. முக்கியமான மசோதாக்களில் ஆமும் சொல்லாமல் இல்லையும் சொல்லாமல் நழுவினார் என்று அவரைப் பற்றி ஒரு நோட்டீஸ் தபாலில் வந்தது. படித்ததும் வெறுத்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலோ 'நம்ம ஆளு, போட்டுவிடுவோம்' என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'நம்ம ஆளு' விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஒரு காரணமே இல்லை. அவ்வளவு தூரம் போயும் இந்தக் கணக்கைத்தான் போடுவோம் என்றால் குடியுரிமைக்கு எதற்கு அத்தனை வருடம் காத்திருந்தீர்கள்? இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்து நோட்டீஸ். அந்தப் பட்டியலில் இருக்கிற மசோதாக்களில் ஒன்றையாவது எடுத்துப் படித்தீர்களா? உங்கள் இல்லினாய் மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் மசோதாவும் கிடைக்கிறது, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதும் கிடைக்கிறது. ஒரு கார் வாங்க மாதக்கணக்கில் விமர்சனம் படிக்கிறவர்கள் நீங்கள் எல்லாம். எதிராளி அச்சடித்து அனுப்பிய ஒற்றைத் தாளைப் பார்த்து வெறுத்துவிட்டது என்று எழுதுகிறீர்கள்.

சரி, கோபம் போதும். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்குக் காரணமே வேறு. உங்கள் ஊரில் 2000-இல் நடந்த ஒரு முதல்நிலைத் தேர்தலைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மாநில செனட்டில், அதாவது சட்டமன்ற மேலவையில், மூன்று வருடம் மட்டுமே இருந்த ஒருவர், பிரதிநிதிகள் சபையில் 1993 முதல் உட்கார்ந்திருந்த பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்றார். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். அவர் பெயர் பராக் ஒபாமா.

2008-இல் எனக்கு அவர்மேல் பெரிய மயக்கம் இருந்தது. அது தெளிந்த பிறகுதான் உண்மையில் பிடிக்க ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நோட்டீஸில் இருக்கும் அதே குற்றச்சாட்டு அவர்மேலும் வந்தது. 2008 ஜனவரியில் தென் கரோலினா விவாத மேடையில், அதிபர் வேட்பாளராக அவரோடு போட்டியிட்ட ஹிலரி கிளின்டனும் ஜான் எட்வர்ட்ஸும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இல்லினாய் செனட்டில் மூன்று பட்டன்கள்: பச்சை ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் 'வந்திருக்கிறேன்'. ஒபாமா எட்டு வருடத்தில் சுமார் நாலாயிரம் வாக்குகளில் 130 முறை போல மஞ்சளை அழுத்தினார். கோழைத்தனம் என்று ஊரே சொன்னது. ஆனால் அங்கே ஒரு மசோதா நிறைவேற மொத்தம் 59 பேரில் 30 பேர் பச்சை அழுத்தியாக வேண்டும், வந்தவர்களில் பாதி என்று கணக்கு இல்லை. ஆகவே மஞ்சளும் மசோதாவுக்கு எதிரான ஓட்டுத்தான். கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதாக்களில், கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய அமைப்பினரே மஞ்சள் அழுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தொகுதியில் அடிவாங்க பயந்த மற்ற உறுப்பினர்களையும் கூட இழுத்துக்கொள்ளும் உத்தி அது. சில மசோதாக்களில் சட்டச் சிக்கலும் இருந்தது. 130 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஒன்றுமில்லை.

இதே தர்க்கம் மறுபக்கமும் வெட்டும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. இத்தனை மசோதா நிறைவேற்றினார் என்று வேட்பாளர்கள் போடுகிற பட்டியலும் அதே அளவுக்கு வெறுமை. 1997-இல் ஒபாமா உள்ளே போனபோது செனட் குடியரசுக் கட்சியின் கையில். சிறுபான்மைக் கட்சிக்காரர் கொண்டுவரும் மசோதா விதிகள் குழுவுக்குப் போகும், அங்கேயே செத்துப்போகும். 1998-இல் தேர்தல் நிதியை உறுப்பினர்கள் சொந்தச் செலவுக்கு எடுப்பதைத் தடுக்கும் சட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு, மற்றபடி காட்டிக்கொள்ளப் பெரிதாக இல்லை. 2003-இல் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றது, எமில் ஜோன்ஸ் செனட் தலைவரானார், மசோதாக்களை இவர் கையில் கொடுத்தார். சில, மற்றவர்கள் வருடக்கணக்கில் சுமந்தவை. திடீரென்று ஒபாமா சாதனையாளர்! ஆள் அதே ஆள்தான், மாறியது தலைவரின் தயவு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கஷ்டமான ஒரே ஒரு மசோதாவைப் பார்க்கலாம். இல்லினாயில் மரண தண்டனை பெற்ற 13 பேர் பின்னால் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட, 2000 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் ரயன் தண்டனை நிறைவேற்றத்தையே நிறுத்திவைத்தார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் போலீஸ் அடித்து வாக்குமூலம் வாங்கியது ஊரறிந்த விஷயம். கொலை வழக்குகளில் விசாரணையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதாவை ஒபாமா எடுத்தபோது போலீஸும் அரசு வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள், புது ஆளுநர் பிளகோயெவிச்சும் முதலில் எதிர்த்தார். அவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து பேசி, கடைசியில் செனட்டில் ஒரு எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் நிறைவேற்றினார். ஜோன்ஸின் ஆதரவு இருந்தாலும் அந்தப் பேச்சுவார்த்தை இவருடைய வேலை.

அதே மனிதர் 1999 டிசம்பரில் சொதப்பினார். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதைக் கடுங்குற்றமாக்கும் மசோதாவுக்காக ரயன் சிறப்புக் கூட்டம் கூட்டியிருந்தார். ஒபாமா ஹவாயில், பாட்டி வீட்டில். ஒன்றரை வயது மகளுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பவில்லை. தேவையான வாக்குகள் கிடைக்காமல் மசோதா விழுந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த அப்பனும் கிளம்ப மாட்டான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாபி ரஷ்ஷின் மகன் அதே சிகாகோவில் துப்பாக்கிச் சூட்டில் செத்திருந்தான். ரஷ்ஷை எதிர்த்து ஓட்டுக் கேட்ட தெற்குப் பகுதி வாக்காளர்களிடம் இதை எப்படி விளக்குவது?

விளக்கியிருந்தாலும் தோற்றிருப்பார் என்பது என் வாதம். கொள்கையில் ரஷ்ஷுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரை எடுத்துவிட்டு என்னைப் போடுங்கள் என்பதற்கு மக்களுக்குப் புரிகிற ஒரு காரணத்தை இவரால் சொல்ல முடியவில்லை. மாநில செனட்டில் உட்கார்ந்துகொண்டே அடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாக்காளர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் பட்டனை விட எனக்கு இதுதான் பெரிய குற்றம்.

உங்கள் வேட்பாளரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லவும் மாட்டேன். அவர் கூட்டம் போட்டால் போங்கள். யார் எதிர்த்த எந்த மசோதாவுக்காக யாரோடு பேசினீர்கள் என்று கேளுங்கள். பெயர்களோடு பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று, முதல் ஓட்டு என்பதால் சொல்கிறேன். இல்லினாய் முதல்நிலைத் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சாவடியில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள். திகைத்து நிற்காதீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.