பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு: இறகு ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸில் வசிக்கிறேன். வார்ஃப் ஆற்றில் ட்ரவுட் பிடிக்கப் பழகி வருகிறேன். 14-ஆம் எண் தூண்டில் முள்ளில் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு’ என்ற ஃப்ளையை (மீனை ஏமாற்ற முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சி) கட்டும்போது பாதிச் சுற்றிலேயே இறகு அறுந்துவிடுகிறது. தப்பித்தவறி முழுசாக வந்தாலும் பெயின்ட் பிரஷ் மாதிரி அடர்த்தியாக இருக்கிறது. ஒன்றிரண்டு மீன் கடித்ததுமே பிரிந்தும் போகிறது. ஊரிலிருந்து கௌதாரி இறகு வரவழைத்தால் சரியாகுமா?

பதில்: கௌதாரி வேண்டாம். அது காட்டுப் பறவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். வேட்டையாடுவதும் இறகை விற்பதும் வம்பில்தான் முடியும். வார்ஃப், நிட், யூர் ஆற்றுக்காரர்கள் காலங்காலமாகக் கட்டிவருவது அங்கேயே கிடைக்கும் சாம்பல் பார்ட்ரிட்ஜ் என்ற பறவையின் இறகில். கடையில் சிவப்புக்கால் பார்ட்ரிட்ஜும் விற்பார்கள். அது வேறு பறவை, இந்த ஃப்ளைக்குப் பொருந்தாது.

வாங்குவதானால் இறகோடு கூடிய முழுத் தோலாக வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பல வருஷத்துக்கு வரும். சின்னப் பொட்டலங்களில் பெரும்பாலும் பெரிய இறகுகளாகவே இருக்கும், அவை 14-ஆம் எண்ணுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது முதுகின் மேல்பகுதியில், கழுத்தை ஒட்டி இருக்கும் பழுப்புப் புள்ளி இறகு. இறகின் இழையை முள்ளோடு வைத்துப் பாருங்கள்: முள்ளின் வளைவை எட்டினால் போதும், ஒரு துளி தாண்டினாலும் பாதகமில்லை.

அறுந்துபோவதற்குக் காரணம், அநேகமாக நீங்கள் தண்டின் அடிப்பக்கத்தை நூலில் கட்டிவிட்டு நுனியைக் கிடுக்கியால் பிடித்துச் சுற்றுகிறீர்கள். பார்ட்ரிட்ஜ் இறகின் நுனி மிக மெல்லியது, இழுவையைத் தாங்காது. மாற்றிச் செய்யுங்கள். அடியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவியை உரித்துவிட்டு, நுனியில் ஒரு சின்ன முக்கோணம் மட்டும் விட்டு, மற்ற இழைகளை விரலால் பின்னோக்கி நீவுங்கள். அந்த நுனியை நூலில் கட்டுங்கள். கிடுக்கி பிடிக்க வேண்டியது தடித்த அடித்தண்டை. இறகு ரொம்பக் காய்ந்திருந்தால் ஈர விரலால் ஒருமுறை தடவிக்கொள்ளலாம்.

அப்புறம், வரிசை. இதில்தான் உங்கள் மூன்றாவது குறைக்கு மருந்து இருக்கிறது. இறகைக் கடைசியில் கட்டாமல் முதலிலேயே கட்டிவிடுங்கள். முள்ளின் காதுக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, இறகு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்படி அதன் நுனியைக் கட்டுங்கள். குழிந்த உள்பக்கம் உடலைப் பார்த்து அமைய வேண்டும். பிறகு நூலை நெருக்கமான சுற்றுகளாக முள்முனைக்கு நேர் மேலே வரை கொண்டுபோய், அதே நூலில் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான் உடல். இறகு கட்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் நூலை நிறுத்தி, இறகைப் பின்னோக்கி இரண்டே சுற்று. தண்டை நூலால் பிடித்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, இழைகளின் நடுவே நூலை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தபடி காது வரை கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். நூல் தண்டின் மேல் குறுக்கே ஏறுவதால் மீனின் பல் பட்டாலும் சுலபத்தில் அவிழாது.

இரண்டு சுற்று போதுமா என்று கை பதறும். போதும். அதுவும் அதிகமாகத் தெரிந்தால், கட்டுவதற்கு முன்பே தண்டின் ஒரு பக்க இழைகளை முழுதாக உரித்துவிடுங்கள். இந்த ஃப்ளை மீனை ஏமாற்றுவது இழைகளின் அசைவால். சில இழைகள் மட்டும் இருந்தால் நீரோட்டத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மடங்கி விரியும். கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு விறைத்து நிற்கும். கண்ணாடிப் பெட்டியில் அடர்த்தியான ஃப்ளைதான் அழகு. விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நூலைப் பற்றி ஒரு வார்த்தை. நைலான் நூலில் கட்டாதீர்கள், மெல்லிய பட்டு நூலே வேண்டும். நனைந்ததும் பட்டு ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகி, அடியில் இருக்கும் முள்ளின் கருமை தெரிய, ஆரஞ்சு நிறம் செம்பழுப்பாக இறங்கும். மெழுகு தேய்த்தாலும் நிறம் கொஞ்சம் மங்கும். இரண்டுமே நல்லதற்குத்தான். நிறத்தைக் காய்ந்த நிலையில் எடைபோடாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பார்ட்ரிட்ஜ் கிடைக்காத நாட்களில் புள்ளியுள்ள பழுப்புப் பெட்டைக்கோழி இறகு கைகொடுக்கும். சேவல் இறகு மட்டும் வேண்டாம், அது விறைப்பு. பார்ட்ரிட்ஜ் தோல் கையில் இருக்கும்போது மார்பின் சாம்பல் இறகுகளையும் எறிந்துவிடாதீர்கள். நூலை மஞ்சளுக்கு மாற்றினால் அவற்றில் இன்னொரு நல்ல ஃப்ளை கட்டலாம்.