கற்றாழை தடவியும் மடிவீக்கம் வடியவில்லையே?

கேள்வி: கன்று போட்டு 20 நாள் ஆன ஜெர்சி கலப்பின மாடு. இடது பின்காம்புப் பக்கம் மடி வீங்கி, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது. பக்கத்துத் தோட்டத்து அக்கா கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துத் தடவச் சொன்னார். காலையும் மாலையும் இரண்டு நாள் தடவியும் குறையவில்லை. டாக்டர் ஊசி போட்டிருக்கிறார். தடவுவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. டாக்டரிடமும் சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். அந்த அக்கா சொன்னது சரியான மருந்துதான். உங்களிடம் வந்து சேர்வதற்குள் அளவும், எத்தனை தடவை என்பதும் வழியில் விட்டுப்போய்விட்டன.

கால்நடை வளர்ப்போர் கையில் இருந்த இதுபோன்ற வைத்தியங்களை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் ஆராய்ந்து, எது எவ்வளவு, எத்தனை நாள் என்று வரையறுத்தார்கள். குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் தேசிய பால்வள வாரியம் அதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. நம் பாட்டிகளின் கைப்பக்குவம் கிராம் கணக்கோடு திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

அளவு இதுதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் ஓர முள்ளைச் சீவிவிட்டுத் தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரையுங்கள். சுண்ணாம்பு கலந்ததும் மஞ்சள் நிறம் மாறி, ஆரத்தி கரைக்கும்போது வருமே, அந்தச் சிவப்பு வரும். வந்தால் கலவை சரி. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். வீங்கிய காம்பில் இருக்கும் பாலை முழுவதும் பீய்ச்சி, மடியைக் கழுவி, வீங்கிய இடத்தோடு நிறுத்திவிடாமல் மடி முழுவதும் பூசுங்கள். காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள். ஒரு நாளைக்கு 10 தடவை, குறைந்தது 5 நாள். விழுது தினமும் புதிதாக அரைத்ததாக இருக்கட்டும். நீங்கள் இரண்டு வேளை மட்டும் தடவியதால்தான் பலன் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஊசியைப் பாதியில் விடாதீர்கள். டாக்டர் சொல்லும் நாள் வரை அந்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம். மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ, மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டாலோ கற்றாழையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வேறு மாடுகள் இருந்தால் இதைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். கறந்த உடனே காம்புத் துளை மூடாது. அந்த நேரத்தில் சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போய்விடும்.

அப்புறம் ஒன்று. காலண்டரிலேயே குறித்து வையுங்கள்: எத்தனை தடவை பூசினீர்கள், எந்த நாள் திரி நின்றது, எப்போது மடி இளகியது. அடுத்த முறை டாக்டர் வரும்போது அதைக் காட்டுங்கள். பக்கத்துத் தோட்டத்து அக்காவிடமும் ‘பத்துத் தடவை’ என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.