ஹாபிலிஸ் எந்தப் பேரினம்?

வணக்கம். மனித மூதாதையர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஹோமோ ஹாபிலிஸை ஓர் ஆய்வாளர் ஹோமோ என்னும் மனிதப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைக்கிறார். மற்றொருவர் குரங்குச் சாயல் மிகுந்த, அதற்கு முந்தைய ஆஸ்ட்ரலோபிதிகஸ் பேரினத்துக்கு மாற்றுகிறார். இத்தனை ஆண்டுகளாக ஆராய்பவர்களுக்கே அது மனிதனா குரங்கா என்று தெரியாதபோது, அந்த எலும்புகளைப் பரிணாமத்துக்குச் சான்றாக எப்படிக் கொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சர்ச்சை எதைப் பற்றியது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தான்சானியாவின் ஓல்டுவாயில் 1960-இல் கிடைத்த இளம் ஹாபிலிஸ் ஒன்றின் கீழ்த்தாடையும் மண்டையோட்டுப் பகுதிகளும் கை எலும்புகளும் அங்கே இருக்கின்றன என்பதிலோ, அவை ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகள் பழையவை என்பதிலோ பெரிய பிணக்கு இல்லை. அவற்றை எந்தப் பேரினத்தின் கீழ் எழுதுவது என்பதில்தான் பிணக்கு. மனிதப் பேரினத்துக்குரிய மூளையின் குறைந்தபட்ச அளவாக உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத் 750 கன சென்டிமீட்டரைச் சொல்லியிருந்தார். 1964-இல் லூயி லீக்கி, ஃபிலிப் டோபயாஸ், ஜான் நேப்பியர் மூவரும் ஹாபிலிஸுக்குப் பெயரிட்டபோது அந்த வரம்பை 600-க்கு இறக்கினார்கள். 1999-இல் பெர்னார்ட் வுட்டும் மார்க் கொலார்டும் உடலமைப்பு, பற்கள், நடை, வளர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இவ்வினம் ஆஸ்ட்ரலோபிதிகஸில் இருப்பதே பொருத்தம் என்றார்கள். எனக்கும் அவர்களுடைய வாதமே வலுவாகப் படுகிறது.

உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிமுறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரினப் பெயரைக் கேட்கிறது. 'இரண்டுக்கும் இடைப்பட்டது' என்று எழுத அதில் இடமில்லை. மனிதனுக்கும் பிற வாலில்லாக் குரங்குகளுக்கும் நடுவே கடக்க முடியாத இடைவெளி இருந்திருந்தால் ஒவ்வொரு மண்டையோடும் ஏதாவதொரு பக்கம் தெளிவாக விழுந்திருக்கும். விழாமல் இழுபறியாக நிற்பது, நீங்கள் கருதுவதற்கு மாறாக, படிப்படியான மாற்றத்துக்கே சாதகமானது.

இன எல்லையைப் பற்றிய சர்ச்சை இதைவிடக் கடினமானது. ஜார்ஜியாவின் துமானிசியில், சுமார் 17.7 லட்சம் ஆண்டுகள் பழைய படிவுகளில் ஐந்து மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றில் 2000-இல் எடுக்கப்பட்ட பெரிய கீழ்த்தாடை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 2002-இல் ஹோமோ ஜார்ஜிகஸ் என்று தனி இனமே அறிவித்தார்கள். அந்தத் தாடைக்குரிய மண்டை 2005-இல் கிடைத்தது; அதன் மூளை அளவு 546 கன சென்டிமீட்டர் மட்டுமே. 2013-இல் டேவிட் லோர்ட்கிபனிட்ஸே குழுவினர் ஐந்தையும் ஒப்பிட்டு, இவற்றுக்கிடையிலான வேறுபாடு இன்றைய மனிதர்களுக்குள்ளோ சிம்பன்சிகளுக்குள்ளோ காணப்படுவதைவிட மிகுதியல்ல என்றும், ஆகவே இவை ஒரே இனத்தவை என்றும் எழுதினார்கள். இதே ஐந்தும் ஐந்து நாடுகளில் தனித்தனியாகக் கிடைத்திருந்தால் இரண்டு மூன்று புதுப் பெயர்களாவது பிறந்திருக்கும். (புதுப் பெயர் சூட்டியவருக்குக் கிடைக்கும் புகழையும் இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.) லோர்ட்கிபனிட்ஸேயின் முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் ஐயத்துக்கு உரிய இடம் வேறொன்று உண்டு. தென்னாப்பிரிக்கக் குகையொன்றிலிருந்து ஹோமோ நலேடி 2015-இல் அறிவிக்கப்பட்டபோது அதன் காலம் தெரியாது. சிறிய மூளையையும் பழமையான தோள் அமைப்பையும் கண்டு, அது இருபது லட்சம் ஆண்டுகள் பழையதாக இருக்கலாம் என்று சிலர் ஊகித்தார்கள். 2017-இல் வெளியான காலக்கணிப்பு 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகள் என்றது. அந்தத் திருத்தத்தால் மாறியது வெறும் பெயரல்ல. சிறிய மூளை கொண்ட ஓர் இனம், நம் இனம் உருவாகிவந்த காலம்வரை ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருந்தது என்று வரலாற்றையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.