எலும்புத் துண்டும் 'இரண்டு மணி நேர' பாட்டிலும்

கேள்வி: அல்சூரில் ஒரு சின்ன பெதாலஜி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மாதம் நாலைந்து எலும்பு பயாப்ஸி வரும். நைட்ரிக் ஆசிட்டில்தான் டீகால் (எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்து, வெட்டுகிற அளவுக்கு மென்மையாக்குவது) செய்கிறோம். போன வாரம் வந்த சேல்ஸ்மேன், "ரெண்டே மணி நேரத்துல எலும்பு வெண்ணெய் ஆயிடும் மேடம்" என்று ஒரு ரெடிமேட் கரைசலைக் காட்டினார். டாக்டரோ ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஒரு வேதிப்பொருள்) வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம் சார்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வெண்ணெய் ஆகும், அதில் சந்தேகமில்லை. அப்புறம் ஸ்லைடில் நியூக்ளியஸ் (செல்லின் கரு) நீலமாகத் தெரியுமா என்று அந்த சேல்ஸ்மேனைக் கேட்டீர்களா? இந்த மாதிரி வேகமான பாட்டில்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். அரை நாள் மறந்து விட்டுவிட்டால் நீலச் சாயமான ஹெமடாக்சிலின் ஏறாது, ரோஸ் சாயமான இயோசின் மட்டும் ஏறி ஸ்லைடு முழுக்க ஒரே ரோஸ். நைட்ரிக்கிலும் இதே ஆபத்துதான். உள்ளே என்ன ஆசிட், எத்தனை சதவீதம் என்று லேபிளிலோ பாதுகாப்புத் தகவல் தாளிலோ இல்லையென்றால் அந்தப் பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

டாக்டர் ஈடிடிஏ கேட்பதற்குக் காரணம் இருக்கும். புற்றுநோய் பரவிய எலும்பில் ஐஹெச்சியோ (ஆன்டிபாடி வைத்துத் திசுவிலுள்ள புரதங்களைக் கண்டறியும் சோதனை) டிஎன்ஏ டெஸ்டோ செய்ய வேண்டி வந்தால் வலுவான ஆசிட் காரியத்தைக் கெடுத்துவிடும். ஈடிடிஏ கெடுக்காது, ஆனால் நாள் பிடிக்கும். ஊசி பயாப்ஸிக்கு ஒன்றிரண்டு நாள், கெட்டியான எலும்புக்கு வாரக்கணக்கு. ஹெச் அண்ட் ஈ (மேலே சொன்ன ஹெமடாக்சிலின், இயோசின் சாயம்) மட்டும் போதும் என்கிற கேஸுக்கு 5 முதல் 10 சதவீத ஃபார்மிக் ஆசிட் நல்ல நடுவழி. நானாக இருந்தால் ஈடிடிஏ, ஃபார்மிக் இரண்டையும் வாங்கி வைப்பேன்.

ஈடிடிஏ வாங்கும்போது டைசோடியம் உப்பா என்று பாருங்கள். 500 கிராம் டப்பாவில் 10 சதவீதக் கரைசல் 5 லிட்டர் வரும். வெறும் தண்ணீரில் போட்டால் எளிதில் கரையாமல் அடியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். சரக்கு மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிஹெச் 7.2 பக்கம் கொண்டுவந்தால் கரைந்துவிடும். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள கால்சியத்தைப் பிடிப்பதிலேயே ஈடிடிஏவில் கொஞ்சம் வீணாகிவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான்.

எதை வாங்கினாலும், ஃபார்மலினில் நன்றாக ஃபிக்ஸ் ஆன (திசு கெடாமல் பதப்பட்ட) பிறகுதான் டீகால். துண்டு 3–5 மில்லிமீட்டர் தடிமன், கரைசல் அதைப்போல் 20 மடங்கு. ஆசிட் வேலை முடிந்ததா என்று ஊசியால் குத்திப் பார்த்தால் திசு கிழியும். எலும்பு ஊறிய கரைசலில் 5 மில்லி எடுத்து, அம்மோனியாவால் சமன் செய்து, அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் 5 மில்லி விட்டு அரை மணி நேரம் வையுங்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் வருகிறது, கரைசலை மாற்றித் தொடருங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் ஃபார்மலினையும் மட்டும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், புற்றுநோய் உண்டாக்கும் வாயு வரலாம்.

அந்த சேல்ஸ்மேன் மறுபடி வந்து லேபிளையும் காட்டினால், ஒரு சாம்பிள் பாட்டில் கேளுங்கள். ரசல் மார்க்கெட்டில் ஆட்டு விலா எலும்பு ஒன்று வாங்கி ஃபார்மலினில் போட்டு, ஒரு துண்டை அவர் பாட்டிலிலும் இன்னொன்றை ஃபார்மிக்கிலும் விடுங்கள். இரண்டு ஸ்லைடையும் டாக்டர் பார்க்கட்டும்.