பேட்டிங்கா பௌலிங்கா, 14 வயசுலயே முடிவு பண்ணணுமா?

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. ஆஃப் ஸ்பின் போடுவான், லெஃப்ட் ஹேண்ட் பேட்டிங்கும் பண்ணுவான். ரெண்டுல ஒண்ணை விட்டாதான் மேல வர முடியும்னு கோச் சொல்றார். இவன் வாஷிங்டன் சுந்தர் மாதிரி வரணும்ங்கிறான். என்ன செய்யட்டும்?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, இப்ப எதையும் விட வேண்டாம். உங்க பையன் சொன்ன பேரையே எடுத்துக்குவோம். 2017 ஐபிஎல்ல புனே டீமுக்கு ஆடும்போது அவருக்கு 17 வயசு, அந்த டிசம்பர்லயே இந்தியாவுக்கும் ஆடிட்டார், 2018ல கொழும்புல நடந்த நிதாஹாஸ் டிராஃபில புது பால்ல போட்டு 8 விக்கெட், தொடர் நாயகன். உடனே நாம எல்லாரும் பவர்பிளே (முதல் ஆறு ஓவர்) பௌலர்னு முத்திரை குத்திட்டோம். 2017 டிஎன்பிஎல்ல, அதான் தமிழ்நாடு பிரீமியர் லீக்ல, தூத்துக்குடி டீமுக்கு ஓப்பனிங் இறங்கி செஞ்சுரி போட்ட பையன் அவர், அது யாருக்கும் ஞாபகத்துலயே இல்ல. இந்தியா டீம்ல பேட்டிங் கிடைச்சா கடைசியில நாலு பால்.

அப்புறம் 2021 ஜனவரி, பிரிஸ்பேன். ஆளுக்கு ஆள் காயம், பயிற்சியில பந்து போடுற நெட் பௌலரா இருக்கட்டும்னு ஆஸ்திரேலியாவுலயே தங்க வச்சிருந்தவருக்கு டெஸ்ட் கேப் கொடுத்தாங்க, மூணு வருஷமா நாலஞ்சு நாள் நடக்குற ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச் ஒண்ணு கூட ஆடல! ஸ்மித் விக்கெட்ட எடுத்தார், சரி, அது அவர் வேலை. ஆனா 186க்கு 6 விக்கெட் போனப்புறம் கம்மின்ஸ், ஹேசல்வுட், ஸ்டார்க்க நின்னு ஆடி 62, ஷர்துலோட சேர்ந்து 123 ரன், அன்னிக்கு காலையில டிவி முன்னாடி உக்காந்த நான் எழுந்திரிக்கவே இல்ல. பேட்டிங்க விட்டிருந்தா அந்த 62 எங்கிருந்து வந்திருக்கும் சொல்லுங்க?

ஒண்ணு மட்டும் பையன்கிட்ட சொல்லிடுங்க, ஆல்ரவுண்டருக்குப் பொறுமை ரெண்டு மடங்கு வேணும். ரெண்டே மாசத்துல அகமதாபாத்ல 96 நாட் அவுட்ல நிக்கிறார், எதிர்ல மூணு பேர் மளமளன்னு அவுட், டீமே ஆல் அவுட், செஞ்சுரிக்கு நாலு ரன் பாக்கி. முதல் டெஸ்ட் செஞ்சுரி வர 2025 மான்செஸ்டர் வரைக்கும் ஆச்சு.

கோச்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அவரு ஒரு பையனை மட்டும் பாக்குறவர் இல்ல. "சார், பௌலிங்கை வச்சே டீம்ல எடுங்க, ஆனா நெட்ஸ்ல டயர்டாகுறதுக்கு முன்னாடி இவனுக்கும் பேட்டிங் கொடுங்க"ன்னு கேளுங்க. பௌலிங் போடுற பசங்களுக்கு எப்பவும் இருட்டுற நேரத்துலதான் பேட் கைக்கு வருது, அதை மட்டும் மாத்திக் கொடுத்தா இப்போதைக்கு போதும்.