இணையப் பக்கத்தில் & ஏன் உடைகிறது? கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: அண்ணே, சிராங்கூன் ரோட்டுக் கடைப் பட்டியல் ஒன்று போட்டேன். பெயரில் & வரும் இடமெல்லாம் &#38; என்று தெரிகிறது.

பதில்: இணையப் பக்க மொழியில் இந்தக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு, அதனால் எண்ணாக மாற்றி எழுதுகிறோம். நீங்கள் இரண்டு தடவை மாற்றியிருக்கிறீர்கள் தம்பி. & குறியை &#38; ஆக்கினால் உலாவி அதை அவிழ்த்து & என்று காட்டும். மாற்றியதையே மறுபடி மாற்றினால் &#38;#38; ஆகிவிடும். உலாவி ஒரு சுற்றுதான் அவிழ்க்கும். தரவுத்தளத்தில் மூல உரையை அப்படியே வையுங்கள். பக்கத்தில் எழுதும்போது மட்டும், ஒரே ஒரு தடவை மாற்றுங்கள்.

ஜூரோங் வாசகர்: & < > " ' ஐந்தையும் தனித்தனியாகத் தேடி மாற்றுகிறேன். எது முதலில்?

பதில்: & முதலில். கடைசியில் வைத்தால், < மாறி வந்த &#60; மறுபடி சிதையும். உரையை ஒரே ஓட்டமாகப் படித்து மாற்றினால் வரிசைத் தொல்லையே இல்லை. பைத்தான், பிஎச்பி நிரல்மொழிகள் இரண்டிலும் இதற்கான செயற்கூறு கூடவே வருகிறது. அதையே பயன்படுத்துங்கள்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: தமிழ் எழுத்துகளையும் எண்ணாக்கிவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: வேண்டாம் ஐயா. 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் பட்டியல்) குறிகள். யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட், மொத்தம் 21. எண்ணாக்கினால் 'வ' மட்டுமே &#2997; என்று 7 பைட், முழுச் சொல்லுக்கு 49. மூலத்தைத் திறந்து எழுத்துப்பிழை பார்க்கவும் வழியில்லை. பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள், போதும்.

அதே வாசகர்: முன்பு எல்லாரும் அப்படித்தானே செய்தோம்?

பதில்: அன்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1997இல் நம் சிங்கப்பூரிலேயே இணையத் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு நடந்தது. இன்று யூனிகோடு இருக்கிறது. அந்த உழைப்பின் பலனை நாமே எண்களுக்குள் புதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே வாசகர்: என்னிடம் கோயில் மலரின் பழைய கோப்புகள், யூனிகோடு பரவும் முன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டில் உள்ளன. யூனிகோடுக்கு மாற்றினால் 'கொ' உடைகிறது.

பதில்: இதுதான் நல்ல கேள்வி! டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் உடையத்தான் செய்யும், இடமும் மாற்றவேண்டும். அதன்பிறகும் ஒரு கண்ணி உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம், ஒரே குறியாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் கிடைக்காமல் போகலாம். எல்லாவற்றையும், இவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: என் பக்கத்திலும் &#38; தெரிகிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: எனக்கு &#39; தெரிகிறது.

பதில்: அதே பிழை, அதே பதில். ஒரே தடவை!

பிடோக் வாசகர்: கைப்பேசிக்கு எந்தத் தமிழ் விசைப்பலகை நல்லது?

பதில்: அது என் துறை அல்ல அக்கா. புக்கிட் பாஞ்சாங் ஐயா, மலரில் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றி, 'கோயில்' என்று தேடிப் பாருங்கள்.