சபா நடத்துறவங்களுக்குச் சங்கம் எதுக்கு? கேள்வி பதில்

காரைக்குடியில 22 வருஷமா சபாச் செயலாளரா இருக்கேன். சுற்றுவட்டாரச் சபாக்காரங்க சேர்ந்து வச்சிருக்கிற சங்கத்துக்கும் நான்தான் கணக்கு எழுதுறேன். கச்சேரி நடத்துறதைப் பத்தி எதுவானாலும் கேளுங்க.

கண்டனூர்: அண்ணே, எங்க சபாவுல மொத்தமே 60 பேர், வருஷத்துக்கு 3 கச்சேரி. சங்கத்துல சேர்ந்து எங்களுக்கு என்ன ஆகப்போகுது?

உங்களை மாதிரிச் சின்னச் சபாவுக்குத்தான் தம்பி சங்கமே. சென்னையிலேருந்து ஒரு பாடகர் வந்தா வயலின், மிருதங்கம், கடம், தம்புரான்னு கூட நாலு பேர். பல்லவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட், தங்க அறை, சாப்பாடு எல்லாம் ஒரே கச்சேரி தலையில விழுந்தா சன்மானத்துக்கு என்ன மிஞ்சும்? வெள்ளி தேவகோட்டை, சனி உங்க ஊர், ஞாயிறு புதுக்கோட்டைன்னு கோத்துட்டா வழிச்செலவு மூணாப் பிரியும், அவங்களுக்கும் மூணு கச்சேரி. ஆடி மாசம் ஒருநாள் எல்லாச் செயலாளரும் நோட்டோட உட்கார்ந்து தேதி போடுறோம். மார்கழியைத் தொடமாட்டோம், வித்வான்கள் எல்லாம் சென்னையில இருப்பாங்க. தை பொறந்தப்புறம்தான் நம்ம முறை.

பள்ளத்தூர்: எங்க வீட்டு வளவுல, அதான் முற்றமும் சுத்தியிருக்கிற தாழ்வாரமும், அங்க ஒரு கச்சேரி வைக்க ஆசை தம்பி. ஆனா பேசினாலே எதிரொலிக்குதே?

வைங்க ஆச்சி, அவசியம் வைங்க. ஆத்தங்குடிக் கல்லுத் தரையும் வழவழன்னு இருக்கிற சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். முதல் தடவை நான் வளவுல பெரிய ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு வச்சேன். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல மிருதங்கத்தோட ஒவ்வொரு தட்டும் ரெண்டு ரெண்டாக் கேட்டுச்சு. வித்வான் ஒரு வார்த்தை சொல்லல, மைக்கை மட்டும் மெதுவாத் தள்ளி வச்சார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

தரை முழுக்க ஜமுக்காளம் விரிங்க, பாடுறவங்களுக்குப் பின்னாடி கனமான திரை கட்டுங்க. சின்னப் பெட்டி போதும். சாயங்காலம் ஆளில்லாத வீட்டுல மைக் பார்த்துட்டு பயந்துடாதீங்க, ஜனம் உட்கார்ந்ததும் பாதி எதிரொலி அடங்கிடும். வளவுக்குப் பழகின மைக் செட்காரரைச் சங்கத்துலேருந்து அனுப்புறேன். ராத்திரி 10 மணிக்குள்ள மங்களம் பாடிடணும். முற்றம் திறந்த இடம், அதுக்கு மேல ஒலிபெருக்கி கூடாது.

கோட்டையூர்: டிக்கெட் போட்டா ஜிஎஸ்டி உண்டா?

ஒரு ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல போகாத வரைக்கும் கிடையாது. சபாவை 1975ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சுக்குங்க, 7 பேர் இருந்தாப் போதும். நன்கொடை கேட்டுப் போறப்போ அந்தப் பதிவுதான் பேசும்.

தேவகோட்டை: இவருக்கு இவ்வளவுதான்னு சங்கமே சன்மானம் நிர்ணயிக்கலாமே?

கூடவே கூடாது. கலைஞரோட மதிப்பை நாம கூடிப் பேசி இறக்கினா அது பாவம். நாங்க வச்சிருக்கிறது ஒரே விதி: பக்கவாத்தியக்காரங்க பணம் அவங்கவங்க கையில, அன்னிக்கு ராத்திரியே.

திருமயம்: வெளிநாட்டுலயும் இப்படி உண்டா?

உண்டு. அமெரிக்காவுல கல்லூரிகள்ல கச்சேரி ஏற்பாடு பண்ணினவங்க 1957லயே சங்கம் ஆரம்பிச்சாங்க. இப்பவும் ஜனவரியில நியூயார்க்ல கூடுறாங்க.

அரியக்குடி: என் மகளுக்கு 14 வயசு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேடை கிடைக்குமாண்ணே?

சங்கீத மேதை ராமானுஜ ஐயங்கார் ஊர்லேருந்து கேட்கிறீங்க, இல்லைன்னு சொல்வேனா? பெரிய கச்சேரிக்கு முன்னாடி அரை மணி நேரம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குன்னே வச்சிருக்கோம், பக்கவாத்தியச் செலவு சங்கத்தோடது. எத்தனை கட்டைச் சுருதி, அதாவது குரல் எந்த உயரத்துல பாடுவான்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, அதுக்கு ஏத்த மிருதங்கம் கொண்டுவரச் சொல்லணும்.